மூன்றாவது பிரியாவிடை

காலை பத்து மணி பதினொரு நிமிடத்துக்குக் கரண்ட் நின்றது.

பஸ்லியா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒரே அடியாக அணைந்தன. நேர்முகம் பத்தரைக்கு. ஜப்பானில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் அவளைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள்.

உம்மா குசினியிலிருந்து வந்து அறை வாசலில் நின்றாள்.

"இனி என்ன மகள் செய்யிற?"

"கழகத்துக்குப் போறன். மெயின் றோட்டுக்குக் கரண்ட் இருக்கி. றுஸ்தா இப்பதான் மெசேஜ் போட்டவள்."

"சுறுக்காப் போ." உம்மா சொன்னாள். "இதான் கடைசி எண்டு நீதான் சொன்னாய். நான் சொல்லல்ல."

"ஓம் உம்மா. நான்தான் சொன்னன்."

அவள் சொன்னது உண்மை. இந்த முறையும் ஜப்பான் வேலை கிடைக்காவிட்டால் புத்தகங்களைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டு மருந்துக்கடை வேலையோடு நின்றுவிடுவாள். வயது இருபத்தொன்பது. ஐந்து வருடம் போதும்.

தெருமுனையில் ஓட்டோ கிடைத்தது. மடிக்கணினியை மடியில் அணைத்துக்கொண்டு ஏறினாள்.

கழகம் சாய்ந்தமருதில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. ஒரே அறை. எட்டுப் பேர். சனிக்கிழமைகளில் ஜப்பானிய மொழி, தூரிகை எழுத்து, தாள் மடிப்பு, தேநீர். தொடங்கியவன் சுதன், கல்முனையில் கைபேசி திருத்துகிறவன். அவனுடைய அப்பாவின் வான் ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்தது. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் உள்ளே ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். பத்து வருடம் அந்த வானில் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போனவர்கள் அது வணக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்றுதான் அவள் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சுதன் கண்டுபிடித்தான். அந்த மாதமே கழகம் தொடங்கியது.

பஸ்லியாவுக்கு இரண்டு பிரியாவிடை முடிந்திருந்தது.

முதலாவது இரண்டாயிரத்து இருபது மார்ச்சில். கேக் வெட்டிய மூன்றாம் நாள் விமான நிலையம் மூடப்பட்டது. அதை யாரும் அவளுடைய குற்றமாக எடுக்கவில்லை.

இரண்டாவது இரண்டு வருடம் கழித்து. அந்த முறை அவள் முறைப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாள். தூரப் பயணம் போகிறவர் சொந்தக்காரர், அயலவர், மனஸ்தாபம் உள்ளவர் எல்லோரிடமும் போய், பிழை ஏதும் செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாற்பத்தொரு வீடு. சிலர் அழுதார்கள். எட்டு வருடம் கதைக்காத மாமி ஒருத்தி கட்டிப்பிடித்தாள். பிறகு கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். வர வேண்டிய கடிதம் வரவில்லை. ஆளை எடுப்பதாகச் சொன்ன கம்பனி அந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை. கல்முனை பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

மறுநாள் அதே மாமி மதிலுக்கு மேலால் கேட்டாள். "எப்ப வந்த நீங்க? ஜப்பான்லருந்து ஒரு சொக்லேட்டும் இல்லியா?"

அதன் பிறகு ஊரில் அவளுக்குப் பெயர் பயணம் பஸ்லியா. மருந்துக்கடைக்குப் பனடோல் வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்டார்கள். "இன்னும் போகல்லியா?"

அவள் மூன்றாவது பிரியாவிடை கேட்கவில்லை. றுஸ்தாதான் வைத்தாள். றுஸ்தா கழகத்தின் செயலாளர், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. நேர்முகம் புதன்கிழமை என்றிருந்தது. கொழும்பு முகவர், இது சும்மா முறைக்குத்தான், ஆள் எடுத்த மாதிரி என்று சொல்லியிருந்தார். றுஸ்தா சனிக்கிழமையைக் குறித்துவிட்டாள். புதன்கிழமை காலையில் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது: நேர்முகம் சனிக்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

"தள்ளி வைப்பமா?" என்று பஸ்லியா கேட்டாள்.

"தள்ளி வெச்சாத்தான் ஆகாது. ரெண்டு தரம் வெச்சம், ரெண்டு தரமும் போகல்ல. மூண்டாம் தரம் வைக்காம விட்டா அது வேற கதையாகிப் போகும்" என்றாள் றுஸ்தா.

ஓட்டோ நிற்கும்போது மணி பத்து இருபத்திரண்டு.

மாடிப்படியில் செருப்புகள் வரிசையாக இருந்தன. பஸ்லியா தன்னுடையதைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"மாஷா அல்லாஹ், பொண்ணு நேரத்தோட வந்திட்டா" என்றான் அஸ்கி. கழகத்தில் வயது குறைந்தவன் அவன். இறக்காமத்தில் அவனுடைய வீட்டாருக்கு வயல். முன்னால் ஒரு சட்டி நிறையச் சோறு. புது நெல் அரிசி. போன கிழமை வெட்டியது. வீட்டில் இப்படிக் குழைந்த சோற்றை வைத்தால் வாப்பா தட்டைத் தள்ளிவிடுவார். இங்கே கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது என்று எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். ஜப்பானியச் சோற்றுருண்டைக்குள்ளே வைக்கச் சூரை மீன்.

"வாயப் பொத்து அஸ்கி. வீட்ட கரண்ட் இல்ல. நேர்முகம் இஞ்சதான். எட்டு நிமிசம் இருக்கி."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

சுவர் முழுக்க ஒரு துணி. மருதமுனைக் கைத்தறி, வெள்ளை, ஐந்து யார் நீளம். சுதன் இரண்டு இரவு இருந்து மையில் ஜப்பானிய மொழியில் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு தட்டு அகலம். *பஸ்லியா-சான், போய் வாருங்கள்.* நான்கு மூலையிலும் ஆணி.

"கழட்டுங்க" என்றாள் பஸ்லியா.

"ஆணிய இழுத்தாத் துணி கிழியும்" என்றான் சுதன்.

"சுதன் அண்ணன், துணியா என்ட வேலையா?"

"ஆணி சுவரோட இறுகிட்டு, தங்கச்சி. எட்டு நிமிசத்தில வராது."

மேசையைத் திருப்பினார்கள். பின்னால் ஜன்னல் வந்தது. திரையில் பஸ்லியாவின் முகம் கறுப்பாகத் தெரிந்தது.

"பேய் கதைக்கிற மாதிரி இருக்கி" என்றான் அஸ்கி.

மேசையைத் திரும்பத் திருப்பினார்கள். இணைய வயர் அதற்கு மேல் நீளாது. றுஸ்தா மேசைவிரிப்பை உருவினாள். கோப்பைகள் நிலத்துக்கு வந்தன. விரிப்பை எழுத்துகளுக்கு மேலே விரித்து டேப் ஒட்டினார்கள். இப்போது பின்னால் வெறும் வெள்ளை.

"ஃபேன நிப்பாட்டட்டா?"

"வேணாம்" என்றாள் றுஸ்தா. "ஆகஸ்ட் வெயில். வேர்த்துக் கொட்டினா பயப்புடுறாள் எண்டு நினைப்பானுகள்."

ஏழு பேரும் மேசைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள், கமராவுக்குத் தெரியாமல். சட்டி நடுவில் இருந்தது.

"ஒருத்தரும் மூச்சு விடப்படாது" என்றாள் பஸ்லியா.

"மூச்சு விடாம மௌத்தாகவா ராத்தா?" என்று கேட்டான் அஸ்கி.

திரை வெளிச்சமானது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஜப்பானிய மொழியில்.

இரண்டு பேர். மொரினோ என்ற பெண், ஐம்பது வயதிருக்கும். பராமரிப்புப் பகுதிக்குப் பொறுப்பு. பக்கத்தில் பணிப்பாளர் ஓனோ. கண்ணாடி, வெள்ளைத் தலை, கையில் பேனா. அவர் தலையை மட்டும் சாய்த்தார்.

பஸ்லியா தன்னை அறிமுகப்படுத்தினாள். ஏன் இந்த வேலை என்று சொன்னாள். தன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று சொன்னாள். ஐந்து வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். ஒன்றும் தடக்கவில்லை. ஓனோவின் பேனா ஒரு முறையும் தாளில் படவில்லை.

"மிக நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்" என்றாள் மொரினோ.

அன்பாகத்தான் சொன்னாள். கீழே சுதன் கண்ணை மூடிக்கொண்டான். இப்படி அன்பாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பஸ்லியாவுக்கும் தெரியும்.

அப்போது மேல் மூலையில் டேப் விட்டது.

பஸ்லியா திரையில்தான் அதைக் கண்டாள். தன் தலைக்குப் பின்னால் விரிப்பு ஒரு பக்கம் சரிந்தது. மின்விசிறிக் காற்று அதற்குள் புகுந்தது. விரிப்பு படகுப் பாய்போல உப்பி, மெல்ல இறங்கி, அவளுடைய தோளைத் தொட்டுக்கொண்டு நிலத்தில் விழுந்தது.

மொரினோ கண்ணைச் சுருக்கினாள். உதடு அசைந்தது. வாசித்துவிட்டாள்.

"பஸ்லியா-சான், அது உங்கள் பெயரா?"

கீழே றுஸ்தா இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தாள். அஸ்கி ஒரு காகிதத் தட்டில் அவசரமாக எதையோ எழுதித் தூக்கிப் பிடித்தான். *பேர்த்டே எண்டு சொல்லுங்க.*

பேர்த்டேக்கு யாரும் போய் வாருங்கள் என்று எழுதுவதில்லை. வேறொரு பஸ்லியா என்று சொல்லலாம். அறை வாடகைக்கு எடுத்தது என்று சொல்லலாம். இரண்டுக்கும் வாக்கியம் இருந்தது.

"ஓம்" என்றாள் தமிழில். பிறகு ஜப்பானிய மொழியில், "என் பெயர்தான். இது என்னுடைய பிரியாவிடை. மன்னிக்க வேண்டும்."

"நாங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லையே."

"தெரியும். முடிவு வரும் முன்பே வைத்துவிட்டோம். இது மூன்றாவது."

"மூன்றாவது?" மொரினோ மூன்று விரலைக் காட்டினாள்.

பஸ்லியா சொன்னாள். இதற்கு அவளிடம் பழகிய வாக்கியம் இல்லை. மூடிய விமான நிலையத்தைச் சொன்னாள். நாற்பத்தொரு வீட்டையும் பொருத்தம் கேட்பதையும் சொன்னாள். கொழும்பில் பதினொரு நாள், பஸ், மாமியின் சொக்லேட். மரியாதைச் சொற்கள் இடம் மாறின. ஒரு சொல் வராமல் கையால் மதில் காட்டினாள், மதிலுக்கு மேலே தலை காட்டினாள். மொரினோ வாயைப் பொத்திச் சிரித்தாள். பஸ்லியாவுக்கும் சிரிப்பு வந்தது. இந்தக் கதையைச் சொல்லி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஓனோ சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

மொரினோ முன்னால் சாய்ந்தாள். "ஒன்று கேட்கிறேன். இங்கே ஒருவர் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்குப் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். வீட்டுக்குப் போகிறேன், இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று எல்லோருக்கும் சொல்வார். அவருடைய வீடு இப்போது இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேள்வி பாடப்புத்தகத்தில் இருந்தது. விடையும் இருந்தது. மெதுவாகப் பேசிக் கவனத்தை வேறு விடயத்துக்குத் திருப்ப வேண்டும். பக்கத்தின் எண்கூட பஸ்லியாவுக்குத் தெரியும்.

"பையைத் தூக்குவேன்" என்றாள்.

மொரினோ காத்திருந்தாள்.

"பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு போவேன். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்பேன். சமையலறைக்குப் போவோம். அலுவலகத்துக்குப் போவோம். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குச் சொல்வோம். எல்லோரும் அவரிடம், போய் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சும்மா அல்ல, நன்றாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்லி முடிய இருட்டிவிடும். இருட்டில் பயணம் வேண்டாம், விடிந்து போகலாம் என்பேன்."

"அடுத்த நாளும் கட்டுவார்."

"அடுத்த நாளும் தூக்குவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அவர் கட்டும் நாளெல்லாம்." பஸ்லியா மேசையில் இருந்த தன் கையைப் பார்த்தாள். "காலையில் அவரைக் காணும்போது ஒன்று மட்டும் கேட்க மாட்டேன்."

"என்ன?"

"இன்னும் போகவில்லையா என்று."

மொரினோ ஓனோவின் பக்கம் திரும்பினாள்.

ஓனோ முதல் தடவையாகப் பேசினார். குரல் கரகரத்தது. "நீங்கள் பஸ்ஸில் திரும்பி வந்த நாள். அந்தக் கேள்வியைக் கேட்காத யாராவது இருந்தார்களா?"

"ஒருத்தி இருந்தாள். பஸ் வரும் இடத்துக்கு வந்தாள். என் பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை முப்பத்தோராம் பாடம், கொப்பி கொண்டு வா என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை."

"அவர் இப்போது எங்கே?"

பஸ்லியா கீழே பார்த்தாள். றுஸ்தா ஸ்கார்ப் நுனியை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேதான். மேசைக்குக் கீழே. என்னுடைய சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில்."

ஓனோ மொரினோவைப் பார்த்தார். மொரினோ தலையை ஆட்டினாள். அவர்கள் ஒருவருக்கொருவர் ஏதோ சொன்னார்கள், ஒலிவாங்கியில் விழவில்லை. ஓனோ பேனாவைத் திறந்தார். தாளில் எழுதினார். நீண்ட நேரம் எழுதினார்.

"முடிவு எழுத்தில் வர ஒரு வாரம் ஆகும். விதி அப்படி" என்றார்.

"விளங்குகிறது."

"அதுவரைக்கும் அந்தத் துணியைக் கழற்ற வேண்டாம்."

பஸ்லியா அந்த வாக்கியத்தை மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். துணி. கழற்ற. வேண்டாம். சுதன் அவளுக்கு முன்பே பிரித்துவிட்டான்.

"முருகா!" என்று கத்திக்கொண்டு எழும்பினான். மேசையில் தலை இடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" றுஸ்தா அவனுக்குப் பின்னால். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஏழு தலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கமராவுக்குள் வந்தன. றுஸ்தா பஸ்லியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் அடித்தாள்.

"கள்ளி. பெட்டிக் கதைய எல்லாம் வெளிநாட்டானுக்குச் சொல்லுறாய். தலையில வெச்ச எண்டும் சொல்லணுமா?"

"நீ தலையிலதானே வெச்சாய்."

"வெச்சன். அதுக்கு?"

"அழுவாதகா. வேலை கிடைச்சது எனக்கு."

"அதான் அழுறன். இனி ஆரோட நான் சண்ட பிடிக்கிற?"

அஸ்கி சோற்றுருண்டை ஒன்றைத் திரைக்கு முன்னால் நீட்டினான். "எங்கள் வயல். புது அரிசி" என்று ஜப்பானிய மொழியில் சொன்னான். அவன் கழகத்தில் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ஓனோ எழுந்து நின்று குனிந்தார். ஏழு பேரும் குனிந்தார்கள். மொரினோ குனிந்தாள். அவர்கள் நிமிர்வதைக் கண்டு இவர்கள் மறுபடியும் குனிந்தார்கள். யார் நிறுத்துவது என்று தெரியவில்லை.

"ராத்தா, உம்மாக்குக் கோல் எடுக்கட்டா?"

"எடுக்காத. போய்ச் சொல்லு. ஓடு." பஸ்லியா எழுந்து நின்றாள். குரல் மாடிக்குக் கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும். "எங்கட வீட்டுக்கு மட்டும் போ. மத்த நாற்பத்தொரு வீட்டுக்கும் நான் நடந்து போய்ச் சொல்லுவன். மாமிட வீட்டுக்கு முதல்ல."

"இன்னொருக்காப் பொருத்தம் கேக்கப் போறியா? ஒருக்காக் கேட்டது காணாதா?" என்றாள் றுஸ்தா.

"மறுகா இந்த மூணு வருசத்தில நான் மனசுக்க ஏசின ஏச்சுக்கு ஆரு பொருத்தம் கேக்கிற?"

சுதன் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தான். அஸ்கி படியில் இறங்கி ஓடினான். யாரோ கோப்பைகளில் நெக்டோ ஊற்றத் தொடங்கினார்கள். பின்னால் துணி அசையாமல் நின்றது. ஆணிகள் அவ்வளவு இறுக்கம்.

திரையில் மொரினோ இன்னும் போகவில்லை. இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்று பக்கவாட்டில் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது.

தொப்பி போட்ட ஒரு கிழவர் உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு. மேற்சட்டையின் பொத்தான்கள் கழுத்து வரைக்கும் பூட்டியிருந்தன. கையில் நான்கு முனையும் முடிச்சுப் போட்ட துணிப் பை.

"கானெகோ-சான், இன்னும் மூன்று மணிகூட ஆகவில்லையே" என்றாள் மொரினோ.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மொரினோவின் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்தார். திரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாக, சத்தமாக வாசித்தார். றுஸ்தா பஸ்லியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கானெகோ தொப்பியைக் கழற்றினார். எழுத்துகளுக்கு முன்னால் நின்றவளைப் பார்த்துத் தலை சாய்த்தார்.

"நீங்களும் போகிறவரா? நல்லது. உங்களுடைய பஸ் எத்தனை மணிக்கு?"